கிழக்குக் காற்று வீசினால்

ரயிலில் பத்தொன்பது நாள்.
ஒரு பசு, ஒரு தையல் இயந்திரம், கணவன் இல்லை.
ஓடர் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு
ஒரு வீட்டு எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்:
இனி இது உன்னுடையது, ப்ரோனிஸ்லாவா.

என்னுடையதன் கதவைத் தட்டினேன்.
திறந்தவள் பெயர் ஹெட்விக்.
கையில் வெள்ளைப் பட்டி கட்டியிருந்தாள்.
அவளிடமும் ஒரு காகிதம் இருந்தது,
போகச் சொல்லும் காகிதம்,
தேதி மட்டும் நிரப்பாதது.

இரண்டு மாதம் ஒரே அடுப்பு.
ஆறு மணிக்கு அவள் உலை, ஏழுக்கு என் உலை.
நடுவில் கங்கு மட்டும்
யாருடையது என்று கேட்காமல் கிடந்தது.
தன் வீட்டு நடையில் அவள் நுனிக்காலில் நடந்தாள்.
நான் படுக்கும்போதும் காலணியைக் கழற்றவில்லை.
அயலாள். இரவில் சுவருக்கு அப்பால் இருமியது
பக்கத்தவளா, வேற்றவளா,
எங்களில் யாரை யார் அப்படி அழைப்பது?

அவள் ஆட்கள் எங்களை என்ன செய்தார்கள் என்று தெரியும்.
என் தம்பி கசிமியெஷ் திரும்பவில்லை.
அதைச் சொல்ல அவள் மொழியில் எனக்கு வினைச்சொல் இல்லை;
இருந்திருந்தால் கத்தியே சொல்லியிருப்பேன்.
இருந்தது உப்பு மட்டும்.
அவள் ஸால்ஸ் என்பாள், நான் ஸூல் என்பேன்,
டப்பா கைமாறும்.
ஒரு நாள் அவள் ஜெரேனியத் தொட்டியை
வேண்டுமென்றே தட்டிவிட்டேன்.
ஓடுகளைப் பொறுக்கினாள்,
செடியை ஒரு வாளியில் நட்டாள்.
என் வாளியில்.

ஜூனில் தேதி வந்தது.
மூட்டை கட்டி முடித்தவள் துடைப்பத்தை எடுத்தாள்.
அறை அறையாக, கட்டிலுக்கு அடியிலும் பெருக்கினாள்.
எனக்காகவா,
அழுக்குக்காரி என்று நான் சொல்லிவிடக் கூடாது என்றா,
இன்றுவரை தெரியாது.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து
அடுப்பருகே இழுத்தாள்.
வாயைக் குவித்து ஊதினாள்.
சூரியன் எழும் திசைக்குக் கை நீட்டினாள்.
பொய்யாக இருமினாள்.
இடதுபக்க இரும்பு மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

கிழக்குக் காற்று வீசினால் அடுப்பு புகையும்,
இடது மூடியைத் திற.

அவ்வளவுதான்.
சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

கிழக்குக் காற்று என் ஊர்ப்பக்கக் காற்று.
புகையை அது கொண்டுவரும் நாளெல்லாம்
ஹெட்விக் சொன்னபடி செய்தேன்.

இருபத்தேழு ஆண்டு மூட்டையை முழுக்க அவிழ்க்கவில்லை.
அவர்கள் திரும்பி வருவார்கள் என்றார்கள்,
நாம் திரும்பிப் போவோம் என்றார்கள்,
இரண்டுக்கும் ஒரே மூட்டை போதும்.
நிலவறையில் அவள் போட்டுவைத்த
ப்ளம் ஜாடிகள் பதினொன்று.
பத்தைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தன.

ஒரு நாள் வாசலில் ஒருவன்,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.
லோதார். அவள் மகன்.
சீட்டிலிருந்து என் மொழியைத் தப்புத்தப்பாகப் படித்தான்:
எதையும் கேட்க வரவில்லை, அம்மையாரே.
கதவைத் திறந்தவள் இம்முறை நான்.
உள்ளே வா என்றேன்,
சொன்ன பிறகு அந்தச் சொல் என் வாயில் பொருந்தவில்லை.

கடைசி ஜாடியை மேசையில் வைத்தேன்.
சீட்டில் மங்கிய தாயின் கையெழுத்தைப் படித்தான்.
திறக்கவில்லை.
தேநீருக்கு அடுப்பை மூட்டினேன்,
காற்று திரும்பியிருந்தது, புகை சுருண்டது.
அவன் பேச்சை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல்
கையை நீட்டி இடது மூடியைத் தூக்கினான்.

அவன் போன இரவு தூங்கவில்லை.
அவனை நினைத்து அல்ல.
எங்கள் வீட்டுக் கிணற்றின் விளிம்பில்
மூன்றாவது கல் ஆடும்.
மழைநாளில் அதில் கால் வைக்கக் கூடாது.
அவசரத்தில் கிளம்பினேன்,
அதோடு ஆத்திரம்,
யாரிடமும் சொல்லவில்லை.

எங்கிருந்து துரத்தப்பட்டு அங்கே வந்தவளோ,
அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது,
இப்போது அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பாள்.
அவள் கால் எங்கே இருக்கிறது?