உப்புத்தாள்

ஆனி மாதம். கச்சான் காற்று
மணலை அள்ளிக் கணுக்காலில் எறிகிற மத்தியானம்.
நாவலடியில், அத்திவாரம் மட்டும் மிஞ்சிய ஒரு வளவுக்குள்
குசினி இருந்த மூலையில் குந்தி
காய்ந்த அடம்பன் காய் நாலு பிடுங்கினேன்.
காய்க்கு நாலு விதை.
ஒன்றைப் பூச்சி தின்றிருந்தது.
பதினைந்து.

பூனைக்காதில் இருக்குமே, அப்படி மயிர் படிந்த கபில விதை.
கடித்துப் பார்த்தேன்.
பல்தான் கூசியது.

கல்லடியில் நான் இருப்பது மேல்வீடு.
என்னுடையது என்று சொல்ல ஒரு பிடி மண் இல்லை.
தயிர்முட்டியின் அடியில் ஆணியால் துளைத்து
(இரண்டு உடைந்தன, மூன்றாவது பொறுத்தது)
குருமணல் நிரப்பி
எட்டு ஊன்றினேன்.

ஆடி போனது. ஆவணியும்.
ஐஸ்வாடியில் மீன் லொறிகளுக்குச் சிட்டை எழுதப் போகுமுன்
தினமும் குனிந்து பார்ப்பேன்.
கடன் வாங்கியவன் முகம் மாதிரி
மணல்.

பெட்டி அடிக்க வருகிற ஹெக்டர் பல்தசாரிடம் சொன்னேன்.
காதில் சொருகியிருந்த பென்சிலால் தலையைச் சொறிந்து
"அது கடலில மிதந்து வாற விதை பிள்ள,
உங்கட ஒரு கோப்பைத் தண்ணிய நம்புமா?" என்றவர்
உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்துத் தந்தார்.
எண்பதாம் நம்பர்.
எங்கே பிடுங்கிய விதை என்று கேட்டார்.
லொறி வந்துவிட்டது என்று எழும்பிப் போனேன்.

மிச்சம் ஏழு.
இரவு, குழல் விளக்கின் கீழ் தேய்த்தேன்.
மயிர் போனது, கபிலம் போனது,
விரல்நுனித் தோலும் கொஞ்சம் போனது.
உள்ளே வெள்ளை தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும்,
ஒரு இழுப்புக் கூடினால் கரு.
மூச்சை அடக்கித் தடவித் தடவிப் பார்த்தேன்.
அவ்வளவு மெதுவாக இந்த விரல் கடைசியாகத் தொட்டது
ஓர் உச்சிக்குழியை.

சரி.

தேநீர்க் கோப்பையில் ஊறப்போட்டேன்.
விடிய, நாலு பருத்திருந்தன. மூன்று மிதந்தன.
மாஜரின் டப்பாவில் நாலையும் வைத்து
ஐந்தாம் நாள் முளை.
முதல் இலை நடுவில் பிளந்து
ஆட்டுக்குட்டி ஒன்று
டப்பாவுக்குள் கால் வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.
ஹெக்டர் ஆணி அடித்தபடியே "பூ?" என்றார்.
அடுத்த வருசம் என்றேன்.
ஏதோ என் கையில் இருப்பதுபோல.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள்.
நாலு கொடிக்கு எவ்வளவு மிடுக்கு என்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் பிடித்த மழை
கார்த்திகை முழுக்க விடவில்லை.
டப்பாவின் துளை அடைத்துக்கொண்டது.
நாலும் அழுகின,
நான் தேய்த்துத் திறந்த அதே இடத்திலிருந்து.
பிறகு டெங்குப் பரிசோதனை என்று வந்தார்கள்.
தண்ணீர் நிற்கிற சட்டி பானை எல்லாம் கவிழ்க்கச் சொன்னார்கள்.
தயிர்முட்டியையும்
அந்த எட்டுத் தூங்குமூஞ்சிகளோடு
கீழே குழாயடியில் கொட்டினேன்.
அவ்வளவுதான் என்று கை கழுவினேன்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும்.
கீழ்வீட்டு நிரோஜினி கூப்பிட்டாள்:
"அக்கா, குழாயடியில ஆட்டுக்கால் ரெண்டு முளைச்சிருக்கு."

மாசியில் இன்னொன்று.
மற்ற ஐந்தும் மணலுக்குள்தான் இருக்கின்றன,
இருக்க வேண்டும்.
எல்லா விதையும் ஒரே மழையை நம்புவதில்லை.
ஒன்றாக எழும்பினால் ஒன்றாகப் போக வேண்டிவரும்
என்று அந்தத் தோலுக்குத் தெரிந்திருக்கிறது.
எங்களுக்குத் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை என்று
எல்லோரும் வீட்டில் இருந்தோம்.

கொடி இப்போது கேற்றுக்குக் கீழால் நுழைந்து
வீதிக்குப் போய்விட்டது. கணுவுக்குக் கணு வேர்.
சைக்கிள் ஏறிப் போகிறது, வாடுகிறதாக இல்லை.
வீட்டுக்காரர் வெட்டச் சொல்கிறார்.
நாளைக்கு என்கிறேன், ஒவ்வொரு நாளும்.

பூ இன்னும் இல்லை.
உப்புத்தாள் மேசை லாச்சியில் கிடக்கிறது,
கபிலத் தூளோடு.