பதினொரு தாள்

கோரையாற்றில் பிரியும் வாய்க்காலில்
பதினேழாம் நம்பர் மதகுக்கு லஸ்கர் நான்.
இடது ஷட்டர் மேலவெளிக்கு, வலது கடைமடைக்கு.
சாவி என்னிடம். சட்டம் உத்திராபதியிடம்.

முறைப்பாசனத்துக்கு விதி எழுதினவர் அவர்தான்,
சங்கக் கொட்டகைச் சுவரில்,
ஆள் வைக்காமல் தானே ஏணியில் ஏறி:
இரவில் ஷட்டரைத் தொட்டால் இரண்டாயிரம்
யாராயிருந்தாலும்.
அந்தக் கடைசி வார்த்தை மட்டும் சிவப்பு மையில்.

முதல் தண்டம் வைரக்கண்ணுக்கு.
நாற்று கருகுதென்று ஒரு சாண் தூக்கினான்,
அரைமணிதான்.
ஆட்டை விற்றுக் கட்டினான்.
சரிதான் என்றது ஊர். நானும்.

ஆவணிக் கடைசி, அமாவாசைக்கு முந்தின ராத்திரி
என் கதவைத் தட்டியது ஒரு டார்ச்சின் பின்பக்கம்.
"சாவி" என்றார். அவ்வளவுதான்.
தூக்கக் கலக்கமென்று பிறகு சொல்லிக்கொண்டேன்.
முழித்துத்தான் இருந்தேன்.

விடிந்தபோது அவர் வயலில் கொக்கு இறங்கியிருந்தது.
கடைமடையில் புழுதி.

மறைக்கவில்லை, அதையும் சொல்லணும்.
எட்டு மணிக்கே பணத்தோடு வந்தார்.
"விதி விதிதான், எழுதுய்யா."
அவசரத்துக்கு ஆகட்டுமென்று
ரசீதுப் புத்தகம் முழுக்க
முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்தவரும் அவரே.
செலுத்தியவர் உத்திராபதி,
பெற்றுக்கொண்டவர் உத்திராபதி,
நடுவில் என் பேனா.

டீக்கடையில் ரெண்டு பெஞ்சு, ரெண்டு கட்சி.
கட்டியாச்சே, அப்புறம் எதுக்கு பதவிய விடணும்?
அந்தாளு போனா எஞ்சினீயர்கிட்ட யாரு பேசுறது?
தூர் வார வச்சது யாரு?
வைரக்கண்ணு கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான்:
"நான் கட்டினது தண்ணிக்கு.
அவரு கட்டினது எதுக்குன்னு கேளு."

எனக்குத் தெரியும் எதற்கென்று.
சொல்ல வாயெடுத்தால்
சாவி கொடுத்த கை குறுக்கே வருகிறது.

நேற்று ராத்திரி மதகில் சத்தம்.
கடைமடை அஞ்சம்மாள்,
வலது ஷட்டரைக் கடப்பாரையால் நெம்பிவிட்டு
ஓடாமல் நின்றாள்.
முந்தி முடிச்சை அவிழ்த்து எண்ணினாள்,
நூறும் ஐம்பதுமாய், ஈரத்தோடு.
"ரசீது குடு."
கொடுத்தேன்.
என் டார்ச்சை வாங்கி அடித்து
பேரைப் பார்க்கவில்லை, தொகையைப் பார்க்கவில்லை,
கீழே இருந்ததை மட்டும் எழுத்துக்கூட்டினாள்.
"இந்தக் கையெழுத்து இன்னும் செல்லுதா?"

தண்ணீர் அவள் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
நான் ஷட்டரை இறக்கவில்லை.
புத்தகத்தில் மிச்சம்
பதினொரு தாள்.