கீழ்ப்புள்ளி

வெள்ளிக்கிழமை சாலாட்சிக்குக் கடைசி நாள்.
முப்பத்தோரு வருஷம்
ஷூவின் மேல்தோலை மடித்துத் தைத்தவள்.
கம்பெனி ஒரு கெட்டில் தரும்.
நாங்கள் ஒரு பாட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டோம்.
மெட்டு என் தலையில் விழுந்தது.

வார்த்தை சுலபமாக வந்தது. ஆறே அசை:
போதும் வா, வீடு வா.

ராகம் சுத்த சாவேரி என்று தீர்மானித்தேன்.
காந்தாரம் கிடையாது, நிஷாதம் கிடையாது.
ஐந்து பேர் உட்காரும் மேசை;
ஆறாவது ஆள் வந்தால் நின்றுகொண்டு சாப்பிடட்டும்.
எனக்கு விதிகள் பிடிக்கும்.
நார்த்டேலில் எங்கள் தெருவுக்கு ஒன்றிரண்டு இருந்தால்
ராத்திரி தூங்கலாம்.

பஞ்சமத்தையும் விட்டுவிட்டேன்.
பா எப்போதும் சாய்வு நாற்காலியில் இருக்கிறது.
வேலை போகிறவளுக்கான பாட்டில்
அது எதற்கு என்று தோன்றியிருக்கும்.

போதும் வா: ச ரி ம. ஏறியது.
வீடு வா: ம ரி, அப்புறம் கீழ்த் தைவதம்.
அங்கேயே நின்றுவிட்டது.
வாய் "வீடு" என்கிறது,
மெட்டு வாசலுக்கு வெளியே
பையைக் கவிழ்த்துச் சாவி தேடுகிறது.

ம ரி ச என்று முடித்துப் பார்த்தேன்.
சரியாக இருந்தது,
தண்ணீர் வரி ரசீது சரியாக இருப்பது போல.
ஆதியை விட்டுத் திஸ்ரத்துக்கு மாற்றினேன்.
நடுவில் கார்வை கொடுத்தேன்.
பத்து மணிக்குக் கரண்ட் போனது,
கீபோர்டும் கூடவே போனது.
இருட்டில் மேசையைத் தட்டித் தட்டி
கடைசியில் பழையதையே எழுதினேன்,
குழுவில் எல்லோரும் படிக்க வேண்டுமே என்று
ஆங்கில எழுத்தில்:
எஸ் ஆர் எம், எம் ஆர் டி.
டி-க்குக் கீழே ஒரு புள்ளி,
மந்திர ஸ்தாயி என்பதற்கு.

வுசுமுசி தோல் வெட்டும் பிரிவு.
ஞாயிற்றுக்கிழமை எடென்டேல் சர்ச்சில்
அறுபது பேர் அவன் விரலைப் பார்த்து மூச்சு விடுவார்கள்.
மதியம் பசை நாற்றத்தில் ரொட்டி தின்றுகொண்டே
தாளை எடுத்தான், என்னைக் கேட்கவில்லை,
பாடினான்.

நான் ஏறிய இடத்தில் அவன் இறங்கினான்.
முதல் சுரமே என் பா,
நான் கூப்பிடாமல் விட்ட பா.
அப்புறம் ரி, அது மட்டும் என்னுடையதுதான்.
அப்புறம் காந்தாரம்!
கதவைச் சாத்தி வைத்த காந்தாரம்
செருப்போடு உள்ளே வந்து
இரண்டு தரம் உட்கார்ந்தது.
க ரி ச.
வீடு வா.
சாவி திரும்பிய சத்தம் எனக்குக் கேட்டது.

"தப்பு" என்றேன் முதலில்.
"எழுதியிருப்பதைத்தானே பாடினேன்?"
அவனுக்கு எஸ் என்றால் சோ, ஐந்தாவது.
எம் என்றால் மீ, மூன்றாவது.
டி என்றால் டோ, தரை.
நான் வெளியே நிற்க வைத்த எழுத்து
அவன் ஊரில் வீட்டின் பெயர்.

"கீழே புள்ளி வைத்தேனே?"
"பசை என்று நினைத்தேன்" என்று
நகத்தால் சுரண்டிக் காட்டினான்.

இலக்கணம் எனக்குத் தெரியும்.
இந்த நாலு சுரத்தை வைத்து
ஒரு ராகத்துக்குப் பட்டா எழுத முடியாது.
மோகனம் கை தூக்கும், கல்யாணி கை தூக்கும்,
சங்கராபரணம் நானும்தான் என்னும்.
சுத்த சாவேரி மட்டும்
தெருவோடு போய்விடும்.
புதுத் தாள் எடுத்தேன்.
திருத்தி எழுதலாம், இரண்டு நிமிஷ வேலை.
எழுதவில்லை.
புள்ளியை மட்டும் அவன் நகம் விட்ட இடத்திலிருந்து
நானே அழித்தேன்.

வெள்ளி மாலை, கன்வேயர் நின்ற பிறகு,
நாற்பது பேர் பாடினோம்.
ஜூலு வாய்களில் "வீடு" கொஞ்சம் "வீலு" ஆனது.
சாலாட்சி அழவில்லை.
கெட்டில் பெட்டியைத் திறந்து
வாரன்டி அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள்.
அப்புறம் என்னைக் கூப்பிட்டு
"என்ன ராகம்?" என்றாள்.

சுத்த சாவேரி என்றேன்.

"அதானே" என்றாள்,
"எடுத்தவுடனே தெரிந்தது."