உள்ளது உள்ளபடி

ஏல அறிவிப்பில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்:
உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்.
காலடிப்பேட்டை, அறுநூற்று இருபது சதுர அடி,
மேலே தகரம் போட்ட ஓர் அறை,
கிழக்கே சந்து, மேற்கே குணபூஷணம் வீட்டுச் சுவர்.
எப்போது என்று மட்டும் போடவில்லை.

இருபத்தைந்து சதவீதம் கட்டிய ரசீதை
ஜெரால்டு லேமினேட் செய்து வைத்தான்.
ஏப்ரலில் சாவி என்றார் மேனேஜர் கோமதிநாயகம்.
ஜூனில், "பார்ட்டி ஸ்டே வாங்கிட்டாம்மா" என்றார்.
ஆகஸ்டில் அவருக்கே மாற்றல் வந்து
விருத்தாசலம் போய்விட்டார்.
புதிதாக வந்தவர் ஃபைலை
முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்,
நாளைக்கு ஒரு பக்கம் போல.
மீதிப் பணத்துக்கு இன்னொரு வங்கி தந்த
கடன் அனுமதிக்கு மூன்று மாத ஆயுள்.
இரண்டு முறை செத்து
இரண்டு முறை பிறந்துவிட்டது.

கொருக்குப்பேட்டை வாடகை வீட்டில்
பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள்.
அரிவாள்மனை எந்தப் பெட்டியில் என்று தெரியாமல்
அன்றிலிருந்து கத்தியால்தான் மீன் ஆய்கிறேன்.
வீட்டுக்காரம்மா தண்ணி லாரி வரும்போதெல்லாம் கேட்கிறாள்,
"இன்னும் போவலயா?"
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
அடுத்த மாசம் என்கிறேன்.
எந்த மாசத்துக்கு அடுத்தது என்று
அவளும் கேட்பதில்லை.

வேலைக்குப் போகையில் ரயில்வே கேட் மூடியிருந்தால்
முன்பெல்லாம் பல்லைக் கடிப்பேன்.
இப்போது டேங்கர்களை எண்ணுகிறேன்.
நாற்பத்தெட்டு. ஐம்பது.
ரயிலில் ஒரு நல்லது,
கடைசிப் பெட்டி என்று ஒன்று வரும்.

ஞாயிறு பூசை முடிந்ததும்
அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம்,
ஆஸ்பத்திரியில் கிடக்கிற உறவுக்காரரைப் பார்க்கிற மாதிரி.
வங்கி ஒட்டிய நோட்டீஸ் உப்புக்காற்றில் உரிந்து
'சுவாதீனம்' என்ற சொல் மட்டும் சுவரில் இருக்கிறது.
அரக்கு வைத்த பூட்டு.
கம்பிக் கதவில் யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடை.
வெளியே நின்றே ஜன்னலை முழத்தால் அளந்து
திரைச்சீலை தைத்துவிட்டேன்.
அதுவும் பெட்டிக்குள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, மழை விட்ட நேரம்,
சந்தில் சைக்கிளைப் பிடித்தபடி ஓர் ஆள்
மாடித் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்கு அந்த முகம் தெரியும்.
கடனைக் கட்டாதவர் என்று
பேப்பரில் வந்த ஃபோட்டோ.
தெய்வசிகாமணி,
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மெஷின் வைத்திருந்தவர்.
அவரைக் கேட்க ஏழு மாதமாகச் சேர்த்துவைத்திருந்தேன்:
வாடகை, வட்டி, முழுகப்போகிற என் வளையல்,
இன்னும் எத்தனை வாய்தா வாங்குவாய் என்று.
ஜெரால்டு என் கையை அழுத்தினான்.

அவர்தான் முதலில் பேசினார்.
"நீங்கதானா?"
தலையாட்டினோம்.
"அந்த மூலைல ஒழுவும்.
போன வருசமே பாக்கணும்னு இருந்தேன்."
கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.
"மோட்டார அப்டியே போட்டா இழுக்காது.
ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டுப் போடணும்.
இல்லன்னா காயில் எரிஞ்சிரும்."
சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்,
"பதினாலாந்தேதி வாய்தா. நானும் வர்றேன்."

பஸ்ஸில் ஜெரால்டு ஒன்றும் பேசவில்லை.
துறைமுகம் போகிற கண்டெய்னர் லாரிகள்
எண்ணூர் ரோடு முழுக்க நின்றிருந்தன.
டிரைவர்கள் சக்கரத்தோரம் ஸ்டவ் வைத்து
குழம்பு கொதிக்கவிட்டிருந்தார்கள்.
ஒருவன் தாடியை மழித்துக்கொண்டிருந்தான்,
லாரியின் கண்ணாடியிலேயே,
கவனமாக.

பதினாலாம் தேதி தீர்ப்பாயத்தில் அதிகாரி லீவு.
தை பொறந்துதான் என்றார் வக்கீல்.
இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணி
செருப்பைத் தேடிக் காலை விட்டார்.
நானும் எழுந்தேன்.
எங்களுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் அளவுக்குத்தான் பழக்கம்.

அன்று ராத்திரி பெட்டிகளை
ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
நான்காவதில், தலையணைகளுக்கு நடுவே,
கொஞ்சம் துருவோடு கிடைத்தது அரிவாள்மனை.
நாளைக்குச் சங்கரா வாங்க வேண்டும்.