அக்டோபர் மாதச் சுருக்கம்

மஞ்சக்குப்பம் அலுவலகம். மழை விட்டிருந்தது.
பதினொரு இறங்குதளம், முப்பத்தொரு நாள்,
தேசிங்கு அனுப்பிய நோட்டுகள் என் மேசையில்.
ஈரம் பட்டுக் காய்ந்த தாள்
புரட்டினால் அப்பளம் போல் நொறுங்கும்.
செதில் ஒன்று உதிர்ந்து விசைப்பலகையில் விழுந்தது.
அதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது?

சென்னைக்குப் போகவேண்டியது ஒரே பக்கம்.
நாலாயிரத்துச் சொச்சம் வரிகளை
ஊர்வாரியாகக் கூறு கட்ட வேண்டும்.
மொத்தம், சராசரி, அதிகம், குறைவு, எண்ணிக்கை.
துறைமுகத்துப் பெண்கள் செய்வதுதான்:
மினுங்கும் நெத்திலி மேலே,
நசுங்கியது அடியில்,
நூறு ரூபாய்க்கு ஒரு கூறு.
வாங்குகிறவர் கிளறிப் பார்க்கலாம் அங்கே.

சோதிக்குப்பம், பத்தொன்பதாம் தேதி.
ஒன்பது படகு.
ஒன்றில் கானாங்கெளுத்தி, நானூற்றுப் பத்துக் கிலோ.
ஆறு படகும் சேர்ந்து நூற்றைம்பது.
ஒன்று வலையை நனைத்துக்கொண்டு திரும்பியது, பூஜ்யம்.
ஒன்பதாவது கட்டம் காலி.

சராசரி கேட்டேன். எழுபது என்றது.
எழுபது கிலோ
அன்று எந்தப் படகிலிருந்தும் இறங்கவில்லை.
அதிகம் ஒருவருடையது,
குறைவு ஒருவருடையது,
இரண்டு பேரையும் கரையில் போய்த் தேடிப் பிடிக்கலாம்.
சராசரிக்கு வீடு இல்லை.

காலிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்:
அறுபத்திரண்டு.
இரண்டையும் காலியாக்கினேன்:
எண்பது.
கடலில் ஒரு மீன்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
என் ஆள்காட்டி விரல்தான்
ஊரை ஏழையாக்கி, பணக்காரனாக்கி விளையாடியது.

தேசிங்கைக் கூப்பிட்டேன்.
“அது கன்னியப்பன் போட்டு மேடம். கெளம்பல.
இன்ஜின அடகு வச்சிட்டான்.”
“பூஜ்யம் போடட்டுமா?”
“போடாதீங்க.
போனவன்தான் வெறுங்கையோட வருவான்.
இவன் போகவே இல்லையே.”
“காலியா விட்டா
அவன் ஒருத்தன் இருக்கறதே தெரியாது, தேசிங்கு.”
போனுக்குள் காற்று மட்டும்
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.

காலியாகவே விட்டேன்.
இருபதாம் தேதியும் காலி. இருபத்தொன்றும்.
இருபத்தைந்தில் இன்னும் இரண்டு படகு,
மாசக் கடைசியில் நாலு.
அத்தனையும் சின்னப் படகு,
சேர்த்துக்கொண்டால் சராசரியைக் கீழே இழுக்கிறவை.
அவை ஒவ்வொன்றாய் நின்றுபோக
கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.
கன்னியப்பன் கரையில் உட்கார உட்கார
சோதிக்குப்பம் தேறிக்கொண்டிருந்தது.

“படகுக்குப் பதினாலு சதவீதம் கூடியிருக்கே,
நல்ல மாசம்” என்றார் உதவி இயக்குநர்.
நல்ல மனிதர். மகள் கல்யாணத்துக்கு எங்கள் எல்லோருக்கும்
பத்திரிகை வைத்தவர்.
ஆறாவதாக ஒரு பத்தி சேர்த்துக் காட்டினேன்,
தலைப்பு: கடலுக்குப் போகாத படகு.
கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
“படிவத்தில் இது இல்லையேம்மா.”

இல்லைதான்.
எண்ணிக்கை என்ற சார்பு
இருப்பதை மட்டுமே எண்ணும்.
இல்லாததை எண்ண வேறொன்று இருக்கிறது,
யாரும் கேட்டதில்லை என்பதால்
அதன் பெயரை எனக்கே தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஐந்தே காலுக்கு அனுப்பிவிட்டேன்.
அந்தப் பத்தியை அழிக்கவில்லை.
அழிப்பதற்குக் கீழேயே இருந்தது மறைப்பதற்கான பொத்தான்,
அதை அழுத்தினேன்.

சென்னையில் யாராவது
மேல் வரிசை எழுத்துகளை விரல் வைத்துப் படித்தால்
ஏ, பி, சி, டி, ஈ, எஃப்,
அடுத்து எச் என்று வரும்.