சும்மா வந்துபோன விரல்

ஆறு இருபதுக்கு முதல் பஸ்.
கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வருகிற ஆக்கள் அதில்.
பாலையூற்று, ஆண்டாங்குளம், கப்பல்துறை
சைக்கிளில் வந்து சேர ஆறு நாற்பது.
என் மேசை கேற்றுக்கு உள்ளே, மின்விசிறிக்குக் கீழே.
சுவரில் இருக்கும் பெட்டி பச்சை காட்டுகிறதா
சிவப்புக் காட்டுகிறதா என்று பார்த்திருப்பதற்குச்
சம்பளம் தருகிறார்கள் எனக்கு.

விரலை வைத்தால் உள்ளிருந்து ஒரு பெண்
"தேங்க் யூ" என்பாள்.
சீனக்குடாவில் நமக்கு நன்றி சொல்ல
அவள் ஒருத்திதான் இருக்கிறாள் என்பான் முபாரிஸ்.

சவரிராசாவுக்கு அவள் நன்றி சொல்லி
மூன்று கிழமை.

பதினொரு வருடம், சீமெந்து மூட்டை நிரப்பும் பகுதி.
நாளுக்கு எத்தனை மூட்டை என்று அவர் எண்ணுவதில்லை,
எண்ண அங்கே வேறொரு பெட்டி இருக்கிறது.
வலது பெருவிரல். சிவப்பு.
காற்சட்டையில் துடைத்து. சிவப்பு.
எச்சில் தொட்டு. சிவப்பு.
பின்னால் நாற்பது பேர்.
"அண்ணே, நீங்க மோசம் போயிட்டீங்க போல" என்றது ஒரு குரல்.
வரிசை சிரித்தது. அவரும்தான்.

கையைத் திருப்பிப் பார்த்தேன்.
பழைய ரூபாக் குற்றி மாதிரி
வழுக்கல், ஒரு கோடு இல்லை.
தேசிக்காய்ப்புளி பூசச் சொன்னார் பியதிலக்க,
தேங்காயெண்ணெய் என்றது கன்ரீன்.

ஆள் நிற்கிறார்.
பெட்டியில் ஆள் இல்லை.
பெட்டியின் சொல்லுக்குத்தான் மேன்பவர்க்காரர் காசு எண்ணுவார்.
'வரவில்லை' என்று பதிந்தேன்.
வராதவர் உள்ளே போய்
எட்டு மணித்தியாலம் மூட்டை நிரப்பினார்.
அவை லொறி ஏறின.
வராத மூட்டை என்று எதையும்
யாரும் இறக்கி வைக்கவில்லை.

"முந்தி இந்த றோட்டில பஸ்ஸால இறக்கி
அட்டையைக் கேப்பாங்கள், மிஸ்.
படத்தையும் என்னையும் மாறி மாறிப் பாப்பாங்கள்.
பயம்தான்.
ஆனா ஒரு மனிசன் பாத்தான்."

அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல்
ஸ்ரேப்ளரில் கம்பி போட்டேன்.

வியாழக்கிழமை, வரிசை போன பிறகு,
பத்தையும் வைத்துப் பாருங்கோ என்றேன்.
சிவப்பு, சிவப்பு, சிவப்பு,
ஒன்பது சிவப்பு.
இடது சின்னிவிரலுக்குப் பச்சை.

மூட்டையின் காதைப் பிடிக்கையில்
வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் விரல்.
எதையும் தூக்கியதில்லை.
பதினொரு வருடமாய் மற்ற ஒன்பதோடு
சும்மா வந்துபோன விரல்.
அதைத்தான் ஆலைக்குத் தெரிந்திருந்தது.

"தேங்க் யூ."

அவர் போன பிறகு என் கையை விரித்தேன்.
பத்து விரலிலும் கோடுகள்,
எவ்வளவு தெளிவு, எவ்வளவு அழகு.
மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

மாதம் முடிய முன் பாதி வரிசை
இடது சின்னிவிரலை நீட்டிக்கொண்டு வந்தது,
கோப்பையில் தேத்தண்ணி குடிக்கும் துரைமார் மாதிரி.
முபாரிஸ் இடுப்பையும் வளைத்து நடந்து காட்டினான்.
மூன்று கிழமைக் காசுக்கு நான் எழுதிய கடிதம்
பரிசீலனையில் இருக்கிறது.

மார்கழியில் புதுப் பெட்டி வந்தது.
இது முகம் பார்க்கும்.
மாஸ்க்கைக் கழற்ற வேண்டும்.
மூட்டைப் பகுதியின் வாசலில்தான் பூட்டியிருக்கிறார்கள்,
வயர் அவ்வளவுதான் எட்டுமாம்.
ஆளைப் பிடிக்க மூன்று செக்கன்.
மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொருவராய் நிற்கிறார்கள்.
இருமினால் படம் அசையும்,
திரும்ப முதலில் இருந்து.

ஆறு நாற்பது.
குடாவுக்குள் கப்பலொன்று ஊதுகிறது.
அடுத்தது சவரிராசா.
மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி,
சாம்பல் பூத்த தலைமயிரை
இரண்டு கையாலும் வாரிவிடுகிறார்,
ஸ்ரூடியோவுக்குப் படமெடுக்க வந்தவர் மாதிரி.