ஜி-க்கு ஒரு நூல் மேலே

எனக்கு இசை தெரியாது.
தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடிப்படிக்கு அடியில் ஜெராக்ஸ் கடை.
ஆதார் அட்டை, வில்லங்கச் சான்று, நர்சிங் விண்ணப்பம்,
நடுவே மாதம் ஒருமுறை
துணைமின் நிலையத்து பென்சிகர் கொண்டுவரும்
ஐந்து கோட்டுத் தாள்கள்.

பதினொரு வருஷமாக அவர் இசையை
மையின் அடர்த்தியாக மட்டும் அறிவேன்.
பூசைக்கு எழுதியது என்றால் வெள்ளை அதிகம்,
கோட்டுக்குக் கோடு முட்டைகள் அடைக்கு இருக்கும்.
வில்லுக்குடத்துக்கும் செல்லோவுக்கும் எழுதியது என்றால்
என் டோனர் தீரும்.

இதெல்லாம் எங்கேருந்து எடுக்குதிய என்று
ஒருநாள் கேட்டேன்.
பேனாவைக் காதில் செருகினார்.
'குளச்சல்ல கரமடி இழுக்கிறவனுவ
மூச்சுக்காக நிறுத்துற இடம் இருக்கே, அது.
தர்காவுல பாடுறவர் கடைசி எழுத்தை
விட மனசில்லாம வச்சிருக்கிறது.
செண்டைக்காரன் முடிவுல அவசரப்படுறது;
அவனுக்கு மார்த்தாண்டத்துல அடுத்த மேளம்.
எங்க கோவில் ஆர்மோனியத்துல
ஒரு கட்டை அமுங்காது,
அதனால எனக்கு மத்யமம் வராது,
வந்தாலும் பயந்துதான் வரும்.
பெறவு எனக்க டிரான்ஸ்பார்மர்.'

அது ஜி-யில் முனகுமாம்.
சரியாக ஜி அல்ல, ஜி-க்கு ஒரு நூல் மேலே.
ராத்திரி டூட்டியில் எட்டு மணி நேரம் அதைக் கேட்டவன்
வேறெங்கே போய்ச் சுதி சேர்க்க?
கல்யாண பேண்டு செட்டுக்குப் போட்ட மார்ச்சும் அந்த நூலில்தான்.
'பால்வெட்டுக்காரி தாலாட்டு' என்று ஒன்று,
அதில் தாலாட்டே இல்லை,
விடியுமுன் மூன்று மணிக்கு எழும்பும் எரிச்சல் மட்டும்.
ஜாஸ் என்று அவர் சொல்லும் ஏதோ ஒன்று
வாசிக்க ஆளில்லாமல் என் அலமாரியில் கிடக்கிறது.
'சவம், டியூனர்ல பச்சை லைட்டே எரியாது'
என்று கொயர்காரர்கள் என் கடையில் நின்றே திட்டுவார்கள்.

முட்டத்தில் திருவிழா எட்டாம் நாள்
முதல்முறையாகக் கேட்கப் போனேன்.
மூன்றாம் பக்கத்தில் இருந்தார்கள் என்று நினைக்கிறேன்
(அந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு டீக்கறை உண்டு,
எல்லாப் பிரதியிலும் விழுந்தது),
கரண்டு போனது.
மைக், சீரியல் பல்பு, கீபோர்டு, எல்லாம் ஒரே அடியில்.
கூட்டம் மின்வாரியத்தைத் திட்டியது.
மின்வாரியம் மேடையில் கையை உயர்த்தியபடி நின்றது,
இறக்கவில்லை.

இருட்டுக்குள் இருபத்திரண்டு பேர் பாடினார்கள்.
மைக் இல்லாததால் அது சிறியதாக இருந்தது,
பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி.
குடத்தில் ஒருவன் தட்டிக்கொண்டிருந்தான்,
அதற்குப் பின்னால் கடல், அது யாருக்கும் சேராத தாளத்தில்.

கரண்டு வந்தபோது கீபோர்டு
தன் கம்பெனிச் சுதிக்குத் திரும்பியிருந்தது, அச்சு அசல் ஜி.
திட்டிய அதே தொண்டைகள் இறங்கவில்லை.
ஒரு நூல் மேலேயே நின்றன.
இரண்டுக்கும் நடுவே ஏதோ துடித்தது,
பல்லிடுக்கில் மீன்முள் மாதிரி;
அதை எனக்கே கேட்டது.
கீபோர்டு பையனைப் பார்த்துப்
பென்சிகர் கண்ணைக் காட்ட, அவன் கையெடுத்தான்.

அடுத்த மாதம் வந்த தாள்களில்
ஒன்றரைப் பக்கம் வெறும் கோடுகள்,
மேலே பென்சிலில்: கரண்டு போகும்.
'இதுக்கும் காசு எடுப்பியா, ராஜகலா?'
'தாளுக்குத்தான் காசு. மைக்கு இல்ல.'
இருபத்திரண்டு பிரதி.
ஒன்றுமில்லாததின் மேல் பச்சை வெளிச்சம்
போய்ப் போய் வந்தது.
மெஷின் மேல் காதை வைத்து அவர் கண்ணை மூடவும்
நான் அணைத்துவிட்டேன்.

எதிரே கண்டக்டர், நாகர்கோயில், நாகர்கோயில் என்று
இழுத்துக்கொண்டிருந்தார்.
அது ஜி-யா என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:
'இல்ல. அவன் இன்னும் சாப்பிடல்ல.'